மாரடைப்புக்குப் பிறகு உடற்பயிற்சி செய்தும் எடை குறையவில்லையா? காரணம் என்ன, என்ன செய்யலாம்?

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களிடமும், பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களிடமும் டாக்டர்கள் தவறாமல் சொல்லும் விஷயங்கள் இரண்டு. "தினமும் நடங்க, வெயிட்டைக் குறைங்க."

எப்படி நடப்பது, எவ்வளவு நேரம் நடப்பது என்று சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். ஆனால் எடையை எப்படிக் குறைப்பது? பல நேரங்களில் அந்த அறிவுரை ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது.

விளைவு என்ன தெரியுமா? மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு எடை மெஷினில் ஏறினால், முள் பெரிதாக நகர்ந்திருக்காது. "இவ்வளவு செஞ்சும் குறையலையே, இனி எதுக்கு நடக்கணும்?" என்று பயிற்சியையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பயிற்சி செய்தும் எடை ஏன் குறைவதில்லை? அதற்குத் தனியாக என்ன உதவி தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

இதய மறுவாழ்வுப் பயிற்சி என்றால் என்ன?

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். அசைந்தால் இதயத்துக்கு ஆபத்து என்று நம்பிய காலம் அது. 1952-ல் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும், நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதினார்கள். அப்போது அதுவே பெரிய மாற்றமாக இருந்தது.

இன்று நிலைமை தலைகீழ். உடல் நிலையான பிறகு, டாக்டரின் கண்காணிப்பில் டிரெட்மில், சைக்கிள், நடை, லேசான எடைப் பயிற்சி எல்லாம் கொடுக்கப்படுகின்றன. இதைத்தான் 'கார்டியாக் ரீஹேப்', அதாவது இதய மறுவாழ்வுப் பயிற்சி என்கிறார்கள். அமெரிக்காவில் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 12 வாரங்களில் 36 அமர்வுகள் நடக்கும்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 85 ஆய்வுகளில் பங்கேற்ற 23,430 இதய நோயாளிகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டி, 2021-ல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. உடற்பயிற்சி அடிப்படையிலான மறுவாழ்வு, இதய நோயால் ஏற்படும் மரணத்தையும், மறுபடி மாரடைப்பு வருவதையும், மருத்துவமனையில் மீண்டும் சேர வேண்டிய நிலையையும் குறைக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

அப்படியென்றால் எடை ஏன் குறையவில்லை?

காரணம் ரொம்ப எளிது. ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறுவாழ்வு மையத்தில் ஓர் அமர்வில் எவ்வளவு கலோரி செலவாகிறது என்று அளந்து பார்த்தார்கள். சராசரியாகச் சுமார் 270 கலோரிதான்.

• வாரத்துக்கு மூன்று அமர்வு: 810 கலோரி
• 12 வாரத்துக்கு: 9,720 கலோரி
• உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய: சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும்

அதாவது, மூன்று மாதம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தாலும் அதிகபட்சம் ஒன்றேகால் கிலோதான் குறையும். அதுவும் சாப்பாடு ஒரு பிடிகூட கூடாமல் இருந்தால்!

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. சர்க்கரை ஒரு டீஸ்பூனுக்கு 20 கலோரி. "எக்சர்சைஸ் பண்ணிட்டு வந்தோமே" என்று வழியில் இரண்டு வடையும் ஒரு டீயும் சாப்பிட்டால், செலவழித்ததில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும்.

இது நோயாளியின் தவறு இல்லை. இந்தப் பயிற்சி இதயத்தின் திறனைக் கூட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டது, எடையைக் குறைப்பதற்காக அல்ல.

எடைக்குறைப்பையும் சேர்த்தால் என்ன ஆகும்?

இதே கேள்வியோடு வெர்மான்ட் குழு இன்னொரு ஆய்வு நடத்தியது. 2009-ல் 'சர்க்குலேஷன்' மருத்துவ இதழில் அது வெளியானது.

அதிக எடை உள்ள 74 இதய நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்குமே எடையைக் குறைக்க ஆலோசனை தரப்பட்டது. வித்தியாசம் பயிற்சியில்தான்.

முதல் குழுவுக்கு வழக்கமான பயிற்சி. வாரத்துக்கு 700 முதல் 800 கலோரி செலவாகும். இரண்டாவது குழுவுக்கு வேகத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டினார்கள். ஒரு தடவைக்கு 45 முதல் 60 நிமிடம், வாரத்தின் பெரும்பாலான நாட்களில் நடை. அடிக்கடி நட, தூரமாக நட என்பதுதான் அவர்களுக்குச் சொன்ன மந்திரம். இலக்கு வாரத்துக்கு 3,000 முதல் 3,500 கலோரி.

ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முடிவு இது:

• வழக்கமான பயிற்சி: சராசரியாக 3.7 கிலோ குறைவு, இடுப்புச் சுற்றளவில் 5 செ.மீ. குறைவு
• நீண்ட நடை: சராசரியாக 8.2 கிலோ குறைவு, இடுப்புச் சுற்றளவில் 7 செ.மீ. குறைவு

இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் நீண்ட நடைக் குழுவில் கூடுதலாகச் சீரானது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கும் கிட்டத்தட்ட நான்கு கிலோ குறைந்திருக்கிறது. பயிற்சியால் மட்டும் கிடைக்கக்கூடிய ஒன்றேகால் கிலோவோடு ஒப்பிட்டால், ஆலோசனை எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று புரியும்.

'எடைக்குறைப்பு உதவி' என்றால் என்னென்ன?

"அரிசியைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க" என்று ஒரு தாளை நீட்டுவது உதவி ஆகாது. மறுவாழ்வு மையங்களில் இதற்காகத் தனி வகுப்புகளே நடத்துகிறார்கள். அதில் பொதுவாக இருப்பவை:

• சாப்பாட்டு டைரி: சாப்பிட்டது எல்லாவற்றையும் எழுதி வைப்பது. எழுத ஆரம்பித்ததுமே பலருக்கு எங்கே கூடுதலாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

• குறிப்பிட்ட இலக்கு: "கம்மியா சாப்பிடுவேன்" என்பது இலக்கு இல்லை. "ராத்திரி மூணு தோசைக்குப் பதில் ரெண்டு" என்பது இலக்கு. பொதுவாக நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைக்கச் சொல்வார்கள்.

• வாரம் ஒருமுறை எடை: ஒரே மெஷின், ஒரே நேரம்.

• வீட்டார் பங்கேற்பு: சமைப்பவர் வகுப்புக்கு வராமல் சாப்பிடுபவர் மட்டும் வந்தால் பலன் பாதிதான்.

• மறுபடி ஏறாமல் தடுக்கும் திட்டம்: தீபாவளி, கல்யாண விருந்து, உடம்பு சரியில்லாத வாரம் என்று எடை ஏறும் நாட்களை முன்கூட்டியே யோசித்து வைப்பது.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

கல்லூரி நாட்களில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றிலும் நல்ல மாற்றம் தெரியும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 முதல் 8 கிலோ.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். இந்தியர்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. அதனால் பி.எம்.ஐ 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவுக்குள் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதில் அளவுகோல் பி.எம்.ஐ 25. அதை 23 ஆக்கினால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

"குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் ஆயுசு கெட்டி" என்கிறார்களே?

இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. இதய நோயாளிகளில் கொஞ்சம் எடை கூடுதலாக இருப்பவர்கள், ரொம்ப ஒல்லியாக இருப்பவர்களைவிட அதிக நாள் வாழ்வதாகச் சில ஆய்வுகள் காட்டின. அதனால் "எடையைக் குறைக்காமலே விட்டுவிடலாமா?" என்ற குழப்பம் டாக்டர்களிடமே இருந்தது.

2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதற்கு வெளிச்சம் தந்தது. 12 ஆய்வுகளில் இருந்த 35,335 இதய நோயாளிகளின் விவரங்களை அது அலசியது. காரணம் தெரியாமல் எடை குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று திட்டமிட்டுக் குறைத்தவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

ஆக, எடை குறைகிறதா என்பதைவிட எப்படிக் குறைகிறது என்பதுதான் முக்கியம். முயற்சி எதுவும் இல்லாமல் எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

எடை குறைந்தால் மாரடைப்பே வராதா?

அப்படி உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5,145 பேரிடம் 'லுக் அஹெட்' என்ற ஆய்வு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நடந்தது. உணவு, பயிற்சி மூலம் எடை குறைந்தது, சர்க்கரை கட்டுப்பட்டது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அதனால் எடை குறைந்துவிட்டது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையையோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையோ நிறுத்தக் கூடாது. பயிற்சி, மாத்திரை, எடைக்குறைப்பு மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

'செலக்ட்' என்ற ஆய்வின் முடிவு 2023 நவம்பரில் வெளியானது. ஏற்கெனவே இதய, ரத்தநாள நோயும் அதிக எடையும் இருந்து, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர் அதில் பங்கேற்றார்கள். செமாக்ளூடைட் ஊசி போட்டவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதய நோயால் மரணம் நேர்ந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் இது 8 சதவீதம்.

இது நல்ல பலன்தான். ஆனால் ஊசியால் எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறைகிறது. நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது. அதனால் ஊசி போட்டாலும் பயிற்சியை விட முடியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

இதய நோயாளிகள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

• பட்டினி, திடீர் டயட் வேண்டாம். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

• எடை குறையக் குறைய பிரஷர் மாத்திரையின் அளவு மாற வேண்டியிருக்கலாம். எழுந்து நின்றால் தலைசுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• வயதானவர்கள் பருப்பு, பயறு, முட்டை, மீன், மோர் போன்ற புரத உணவைக் குறைக்கக் கூடாது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு இல்லை, உடலில் தேங்கும் நீர். உடனே டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள். இவர்கள் தினமும் எடை பார்க்க வேண்டும்.

• நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால் ஸ்மார்ட் வாட்ச் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

• நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். வலி அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

பக்கத்தில் மறுவாழ்வு மையம் இல்லையென்றால்?

நம்மிடம் இது பெரிய பிரச்சினைதான். இத்தகைய மையங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. இதற்காகவே இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகா அடிப்படையிலான எளிய மறுவாழ்வுத் திட்டம் ஒன்று சோதிக்கப்பட்டது. 2020-ல் வெளியான அதன் முடிவுப்படி, பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்தார்கள். பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் மீண்டும் மாரடைப்பு வருவதைத் தடுத்ததாக அந்த ஆய்வில் நிரூபிக்க முடியவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலோ அடுத்த செக்கப்பிலோ டாக்டரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. நான் எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் நடக்கலாம்?
2. எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில் குறைக்கலாம்?
3. உணவு ஆலோசகரைப் பார்க்க முடியுமா? வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வரலாமா?
4. எடை குறைந்தால் எந்த மாத்திரையின் அளவு மாறும்?

கடைசியாக ஒன்று. மெஷினில் எடை குறையாத மாதங்களிலும் உங்கள் நடை வீணாகவில்லை. இதயத்துக்கு அதனால் கிடைக்கும் பலன் தனி. எடை குறைய வேண்டுமென்றால் அதற்குத் தனியாக உதவி கேட்டு வாங்குங்கள். ஆனால் நடையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. பயிற்சி, உணவு, மருந்து எதை மாற்றுவதாக இருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)