வளைவிற்பொறி: நாண் பூட்டும் கையின் வரலாறு

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எய்தவனைப் பற்றியே எழுதுவர். அம்பு எவ்வளவு தொலைவு சென்றது, எதனைத் துளைத்தது, யார் வீழ்ந்தார் என்பனவே பாட்டிலும் கல்வெட்டிலும் இடம்பெறும். ஓர் அம்பு சென்றபின் அடுத்த அம்பைப் பூட்ட எவ்வளவு நேரமாயிற்று, எந்தக் கை நாணை இழுத்தது, அந்தக் கைக்கு ஏற்றவாறு கருவி அமைந்திருந்ததா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. குறுக்குவில் என்னும் கருவியின் வரலாறோ இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளின் வரலாறேயாகும். ஊர்திப் படைக்கருவிகள் உருவாகும் ஆவடியை நடுவாகக் கொண்ட நம் பகுதியில் இருந்துகொண்டு இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

வல்வில்லும் பொறியும்

கொல்லிமலைத் தலைவன் ஓரி, 'வல்வில்' என்னும் அடையோடு வழங்கப்பெற்றவன். அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஊடுருவியதாக வன்பரணர் புறநானூற்றில் (152) பாடுகிறார். அங்குப் போற்றப்பெறுவது கருவியன்று. அதனை வளைத்த தோளின் ஆற்றலே. கைவில்லின் இயல்பு அது. நாணை இழுத்துப் பிடித்திருப்பதும், குறி பார்ப்பதும், விடுப்பதும் ஒரே நேரத்தில் ஓர் உடலே செய்ய வேண்டிய பணிகள். ஆகவே வில்லாண்மை பல்லாண்டுப் பயிற்சியால் ஒருசிலர்க்கே வாய்த்தது.

அதே கொல்லிமலைக்கு இன்னொரு புகழும் உண்டு. கொல்லிப்பாவையைச் சங்கப்பாடல்கள் தெய்வம் ஆக்கிய பாவை என்று சுட்ட, பிற்கால மரபு அதனைத் தானே இயங்கும் பொறியாகவே கூறும். தோள்வலியின் உச்சமும் தோளே வேண்டாத பொறியும் ஒரே மலைக்கு உரியனவாகச் சொல்லப்பெறுவது நோக்கத்தக்கது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே குறுக்குவில். அதில் நாணை இழுப்பது ஒரு வேலை. குறிபார்த்து விடுப்பது வேறொரு வேலை. இழுத்த நாணைக் கொளுவி ஒன்று தாங்கிக்கொள்ள, விசையை ஒரு விரல் தொட்டாலே அம்பு பாயும். தோள்வலி இல்லாதவனும் வில்லாளன் ஆகலாம் என்பதே இக்கருவி உலகிற்குக் கொணர்ந்த மாற்றம்.

சிலம்பு காட்டும் மதில்

தமிழில் இதற்குச் சான்று உண்டா எனின், சிலப்பதிகார அடைக்கலக்காதையை நோக்க வேண்டும். கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்த கண்ணகியை அழைத்துக்கொண்டு மாதரி மதுரை மதிலைக் கடந்து செல்கிறாள். அம்மதிலில் அமைந்த பொறிகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். கவணும், கல்லிடு கூடையும், ஐயவித்துலாமும் இடம்பெறும் அவ்வரிசையின் தலைப்பில் நிற்பது 'வளைவிற்பொறி'. வளைந்து, பிறர் எய்யாமல் தானாகவே எய்யும் எந்திரவில் என்பது அடியார்க்குநல்லார் தரும் விளக்கத்தின் கருத்து. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு உரையுடன் பதிப்பித்தமையால் இவ்விளக்கம் நம் கைக்கு எட்டியது.

இதனைக்கொண்டு, குறுக்குவில்லை உலகிற்கு அளித்தவர் தமிழரே என மேடையில் முழங்குவோர் உளர். அங்ஙனம் கூறுதல் காப்பியத்திற்கும் உரைக்கும் நாம் செய்யும் நன்மையன்று. மூலம் பொறியின் பெயரைத் தருகிறதேயன்றி உறுப்புகளைத் தரவில்லை. உரையாசிரியரோ காப்பியத்திற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். அவர் கூற்றில் உயிர்நாடியாக நிற்பது 'தானே' என்னும் கருத்து. விசையை விரல் இயக்கினால் அது தானே எய்வதாகாது. பகைவன் கால்பட்டதும் விசை விடுபடுமாறு நிறுத்திய பொறிவில்லாகவும் அது இருக்கலாம். விலங்கைக் கொல்லக் கல்லைச் சாய்த்து நிறுத்தும் 'அடார்' என்னும் பொறியைச் சங்கப்பாடல்கள் குறிப்பதால், தொட்டால் விடுபடும் விசை தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. இரண்டில் எதுவாயினும் ஒன்று உறுதி: வளைந்த வில்லின் ஆற்றலைத் தேக்கி வைத்துப் பின்னர் விடுவிக்கும் எண்ணம் தமிழ்ப் புலவர்க்கும் அவர்தம் கேட்போர்க்கும் தெரிந்திருந்தது. மதிலின்மேல் நின்ற பொறி ஒருமுறை எய்தபின் அதனை மீண்டும் வளைத்துப் பூட்டியவர் யார் என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. அப்பணியாளர் பாட்டிற்குப் புறத்தே நிற்கின்றனர்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் நிலைத்த பொறிகள், இயங்கும் பொறிகள் எனப் பிரித்துப் பட்டியலிடுகிறது. அவற்றுள் சாமதக்னியம் என்பதை அம்பெய்யும் பெரும்பொறி என உரைகாரர் கொள்வர். மக்கள் வழக்கிலும் சான்று உண்டு. நிக்கோபார்த் தீவுகளிலும் நாகர் மலைகளிலும் குறுக்குவில் வேட்டைக் கருவியாக வழங்கியது. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளைதடி, குறுக்குவில் ஆகியவற்றைப் பற்றி 1924இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

மீண்டும் பூட்டுதல் என்னும் சிக்கல்

குறுக்குவில்லின் குறை அதன் நிறைவிலேயே பிறந்தது. கொளுவி எவ்வளவு விசையையும் தாங்கும் என்பதால் வில்லை மேன்மேலும் வலிதாக்கினர். விளைவு, அதனை மீண்டும் வளைப்பது கடினமாயிற்று. பழங்கிரேக்கர் தண்டின் முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை வயிற்றால் அழுத்தி நாணைப் பின்தள்ளினர். ஐரோப்பாவில் வில்லின் முனையில் அங்கவடி போன்ற வளையத்தைப் பொருத்தி, அதில் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு இருகையாலும் இழுத்தனர். பின்னர் ஆட்டுக்கால் எனப் பெயர்பெற்ற நெம்புகோல் வந்தது. எஃகு வில் வந்தபின், 500 கிலோவை எட்டிய இழுவிசையைக் கைகளால் வெல்ல இயலாமல், கயிறும் கப்பியும் கொண்ட சுழற்பொறியும் பற்சக்கரப் பொறியும் தோன்றின.

ஆற்றல் கூடியது, விரைவு குறைந்தது. 1346இல் கிரெசிப் போரில் செனோவா நாட்டுக் குறுக்குவில்லாளர் ஆங்கிலேயரின் நெடுவில்லாளர் முன் நிற்க இயலாமற் போனதற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், மீண்டும் பூட்டுவதில் ஏற்பட்ட தாமதம் முதன்மையானது.

இச்சிக்கலுக்குச் சீனர் கண்ட விடை வேறு. சூ நாட்டுக் கல்லறை ஒன்றிலிருந்து கிடைத்த, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தொடர்குறுக்குவில்லே இவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது. பிற்காலத்தில் இது சூகே லியாங் என்னும் அமைச்சரின் பெயரால் வழங்கலாயிற்று. அப்பிற்கால வடிவில் தண்டின்மேல் ஒரு பெட்டி; பெட்டிக்குள் பத்து அம்புகள். நெம்புகோலை முன்தள்ளினால் நாண் கொளுவியில் மாட்டும்; பின்னிழுத்தால் வில் வளையும், மேலிருந்து ஓர் அம்பு தன் எடையாலேயே பள்ளத்தில் விழும், இழுப்பின் முடிவில் நாண் விடுபடும். ஆற்றல் குறைவுதான். ஆயினும் பூட்டுதலும் எய்தலும் ஒரே அசைவாயின. ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பிலோன் என்னும் கிரேக்கப் பொறிவல்லார் விளக்கிய, சங்கிலியால் இயங்கும் தொடரம்புப் பொறியும் இவ்வினத்ததே.

வலமும் இடமும்

இங்கு இன்னொரு நுட்பத்தைக் காண வேண்டும். சீனத் தொடர்வில்லின் நெம்புகோல் தண்டின் நடுக்கோட்டில் அமைந்தது. வலக்கையால் தள்ளி இடக்கையால் தாங்கலாம், மாற்றியும் செய்யலாம். காலால் மிதிக்கும் வளையமும், ஆட்டுக்கால் நெம்புகோலும் அவ்வாறே நடுவில் அமைந்தவை. சுழற்பொறிக்கு இருபுறமும் கைப்பிடிகள் உண்டு. பற்சக்கரப் பொறியில்தான் ஒற்றைக் கைப்பிடி சுழல்கிறது. அங்குதான் கருவி ஒரு கையைத் தேர்ந்துகொள்கிறது. வலப்புறம் கைப்பிடி கொண்ட துப்பாக்கிகளும் இவ்வழியினவே. நம் நாட்டுக் காவலர் நெடுங்காலம் ஏந்திய 303 துப்பாக்கியின் தாழ் வலப்புறமே அமைந்தது. இடக்கையர் ஒவ்வொரு முறையும் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும், அல்லது தம் கையையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இருகையர்க்கும் பொதுவான குறுக்குவில்லை இன்று ஒருவர் அமைக்க விரும்பினால் வரலாறே அவருக்கு வழிகாட்டும். இழுக்கும் உறுப்பு நடுக்கோட்டில் அமைய வேண்டும். அம்பு மேலிருந்து இறங்க வேண்டும். காப்புத் தாழ் எந்தப் பெருவிரலுக்கும் எட்ட வேண்டும். கன்னம் சாயும் கட்டை இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். இவை இடக்கையர்க்குக் காட்டும் சலுகைகள் அல்ல. நாணை ஒருபுறம் மிகுதியாக இழுத்துப் பூட்டினால் அதன் நடு பிறழும். நடு பிறழ்ந்தால் அம்பும் குறி பிறழும். இருபுறச் சமன்மை இக்கருவியின் அறம் மட்டுமன்று, இலக்கணமுமாகும்.

தமிழ்ச்சொற்கள் இச்சமன்மையைக் காக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'வலம்' என்பதற்கு வலிமை, வெற்றி என்னும் பொருள்களும் உள. கோயிலை வலம்வருகிறோம். உண்ணும் கையைச் சோற்றுக்கை என்கிறோம். மற்றொன்றிற்கு இட்ட பெயரை அவையில் சொல்லக் கூசுகிறோம். கைகளின் வேற்றுமை மக்களின் வேற்றுமையாகவும் ஆக்கப்பெற்றது. வலங்கை, இடங்கை எனச் சாதிகள் பிரிந்து மோதிய வரலாற்றில், 1707இல் சென்னையில் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது ஊர்வலம் செல்லும் தெருக்களைப் பற்றியே பெரும்பூசல் மூண்டது. மாறாக, உமையொருபாகனின் இடப்பாகமே அம்மைக்கு உரியது. ஆடவல்லான் தூக்கியருளியதும் இடத்திருவடியே. சமயக்கலை இடத்திற்கு அளித்த சிறப்பை அன்றாட வழக்கு அளிக்கவில்லை.

ஆவடியில் அருச்சுனன்

இனி நம் பகுதிக்கு வருவோம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயில், சுந்தரர் பாடல்பெற்ற தலம். புழல் கோட்டைக் குறும்பரைத் தொண்டைமான் வென்றதைக் கூறும் தலவரலாறு அங்கு வழங்குகிறது. கோயிலின் எருக்கந்தூண்கள் அக்கோட்டையிலிருந்து கொணரப்பெற்றவை என்பதும், நந்தி இறைவனுக்கு முதுகுகாட்டிப் போருக்குப் புறப்படும் நிலையில் இருப்பதும் அம்மரபின் கூறுகள். கோட்டையும் முற்றுகையும் இம்மண்ணின் பழைய நினைவுகளே.

அம்மண்ணில் 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை தோன்றியது. 1965இல் ஆவடியில் உருவான முதல் விசயந்தா பீரங்கியூர்தி வெளிவந்தது. 1974இல் ஒப்புதல் பெற்று, ஆவடிப் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் வடிவமைக்கப்பெற்ற ஊர்திக்கு அருச்சுனனின் பெயர் இடப்பெற்றது. 2004இல் அதன் முதல் தொகுதி படையிடம் ஒப்படைக்கப்பெற்றது.

அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்று ஒரு பெயர் உண்டு. இடக்கையாலும் வலக்கையைப் போன்றே வில்வளைத்து எய்ய வல்லவன் என்பது அதன் கருத்து. பெயரிட்டோர் இதனை நினைத்தனரோ இல்லையோ, ஊர்தியின் அமைப்பு சிந்தனைக்குரியது. அருச்சுனனில் நால்வர் பணிபுரிவர்: தலைவர், சுடுநர், ஓட்டுநர், குண்டு ஏற்றுநர். நான்காமவர் ஒவ்வொரு முறையும் தம் கைகளாலேயே கனத்த குண்டினைப் பீரங்கியின் பின்வாயில் ஏற்ற வேண்டும். அதே ஆவடியில் உருசிய உரிமத்தின்படி உருவாகும் பீஷ்மாவிலோ மூவரே உளர். ஏற்றும் பணியைப் பொறி செய்துவிடும். அதன் சுழல்தட்டில் 22 குண்டுகள் அமையும். கையால் பூட்டுவதா, பொறியால் பூட்டுவதா என்னும் பழைய வினா இன்றும் தீரவில்லை. கை சோர்வடையும்; ஆயின் நிலைமை அறிந்து செயற்படும். பொறி சோர்வடையாது, பழுதுற்றால் நின்றுவிடும். 2021இல் தொழிற்சாலை நிருவாகம் மாறி, கவச ஊர்தி நிறுவனம் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தபின்னும் இருவகை ஊர்திகளும் ஆவடிக்கு உரியனவாகவே உள்ளன.

நிறைவுரை

'பொறி' என்னும் சொல் தமிழில் எந்திரத்தையும் குறிக்கும். கண், காது முதலிய ஐம்பொறிகளையும் குறிக்கும். கருவியை உடலின் நீட்சியாகக் கண்ட சொல் இது. உடலின் நீட்சி எனின், அது எவருடைய உடலின் நீட்சி என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மாந்தரில் பத்தில் ஒருவர் அளவில் இடக்கையர். அவர்களை விலக்கிவிட்டு அமைந்த கத்தரிக்கோலும், கைப்பலகை பொருத்திய நாற்காலியும், எழுதுகோலைப் பிடுங்கி மறுகையில் திணிக்கும் வகுப்பறையும் இன்னும் மறையவில்லை. சீனத் தொடர்வில்லின் நெம்புகோல் இருகைக்கும் இடங்கொடுத்தது. நம் பள்ளிக்கூடப் பலகை அதனைக் கொடுக்கத் தயங்குகிறது.

பத்தாண்டுகளாகக் கவிதை வளர்க்கும் நம் வட்டத்திற்கு இக்கட்டுரை வைக்கும் வேண்டுகோள்கள் இரண்டு. எய்தவனைப் பாடும் மரபு நமக்கு நிறைய உண்டு. மதிலின்மேல் மீண்டும் நாண் பூட்டியவனையும், ஊர்தியின் இருட்டறையில் குண்டு ஏற்றுபவனையும், அவர்களுக்குக் கருவி வார்க்கும் அம்பத்தூர்ப் பட்டறைக் கையையும் இனி நம் கவிஞர் பாடட்டும். வகுப்பறையில் இடக்கையால் அகரம் எழுதும் குழந்தையை நம்மில் ஆசிரியராயிருப்போர் அவ்வாறே எழுதவிடட்டும்.