1,443 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய்: புகை யாருடைய கணக்கில்?

குளிர்பதனப் பெட்டியில் வைத்த நெய் எப்படி இறுகிப்போகும்? உகாண்டாவின் கச்சா எண்ணெயும் கிட்டத்தட்ட அப்படித்தான். மெழுகு அதிகம் என்பதால் சாதாரண அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும். குழாயில் அனுப்பணும்னா வழியெங்கும் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும்.

உகாண்டாவுக்குக் கடற்கரை இல்லை. அதனால் ஹொய்மாவிலிருந்து தான்சானியாவின் தாங்கா துறைமுகம் வரை குழாய் பதிக்கும் திட்டம் வந்தது. பெயர், கிழக்கு ஆப்பிரிக்கக் கச்சா எண்ணெய்க் குழாய். சூடேற்றப்படும் எண்ணெய்க் குழாய்களில் உலகிலேயே ஆக நீளமானது இதுதான். பிரான்ஸின் டோட்டல் எனர்ஜிஸ் நிறுவனத்துக்கு 62 விழுக்காடு பங்கு. உகாண்டா, தான்சானிய அரசாங்க எண்ணெய் நிறுவனங்களுக்குத் தலா 15. மீதி 8 விழுக்காடு சீனாவின் சினூக் நிறுவனத்துக்கு.

சரி, சண்டை எதற்கு?

உகாண்டாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 2006இல். ஐரோப்பாவும் அமெரிக்காவும் எண்ணெயை எரித்தே பணக்கார நாடுகளாயின. இப்போது எங்களை மட்டும் தடுப்பது என்ன நியாயம் என்று கேட்கிறது அரசாங்கம். லேசில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி. ஓர் உகாண்டாவாசியின் ஓராண்டுக் கரியமிலவாயு வெளியேற்றம் கால் டன்னைக்கூட எட்டாது.

எதிர்ப்பவர்கள் கையில் வேறொரு கணக்கு. குழாய் இயங்கும் 25 ஆண்டில் மொத்தம் 379 மில்லியன் டன் வாயு வெளியேறும் என்று 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வு நிலையம் மதிப்பிட்டது. சிங்கப்பூர் ஆறு ஆண்டுக்கு மேல் வெளியிடும் அளவு அது!

இதில்தான் சிக்கலே. அந்த வாயுவில் மிகப் பெரும்பங்கு குழாயிலிருந்து வருவதில்லை. எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டு, ஏதோவொரு நாட்டின் கார்களிலும் கப்பல்களிலும் எரியும்போதுதான் வருகிறது. திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை குழாயைக் கட்டி இயக்குவதால் வரும் புகையை மட்டுமே எண்ணியது. எதிர்ப்பாளர்கள் கடைசித் துளி எரியும்வரை எண்ணுகிறார்கள். அனைத்துலக விதிப்படி, எரிக்கும் நாட்டின் கணக்கில்தான் புகை சேரும். தோண்டும் நாட்டின் கணக்கில் அல்ல. (நாமும் சும்மா வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை. அனைத்துலகக் கப்பல்களுக்குச் சிங்கப்பூர் விற்கும் எரிபொருளின் புகை நம் தேசியக் கணக்கில் வராது.)

பருவநிலை மட்டுமா பிரச்சினை? குழாயின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதி விக்டோரியா ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஓடுகிறது. எண்ணெய்க் கிணறுகளில் சில மர்ச்சிசன் அருவித் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. நிலத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 13,000க்கும் மேல். இழப்பீடு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. அதுவரை காப்பி, வாழை போன்ற நீண்டகாலப் பயிர்களை நடக்கூடாது என்று சொல்லப்பட்டதாக விவசாயிகள் பலர் மனித உரிமை அமைப்புகளிடம் கூறியுள்ளனர். என்னைக் கேட்டால், டன் கணக்கைவிட இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் திட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. உகாண்டா அதிபர் முசேவேனி கடும் கோபத்துடன் பதிலடி கொடுத்தார். பிரான்ஸில் தொடுக்கப்பட்ட வழக்கை 2023 பிப்ரவரியில் பாரிஸ் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பெரிய மேற்கத்திய வங்கிகள் பல கடன் தரமாட்டோம் என ஒதுங்கின. அப்படியும் திட்டம் நிற்கவில்லை: 2025 மார்ச்சில் ஆப்பிரிக்க வங்கிகள் சிலவும் ஓர் இஸ்லாமிய நிதி நிறுவனமும் முதற்கட்டக் கடன் கொடுத்தன.

திட்டச் செலவு 5 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல். அதை மீட்க எண்ணெய் பல்லாண்டு நல்ல விலைக்கு விற்றாக வேண்டும். உலகம் அதற்குள் மின்வாகனத்துக்கு மாறிவிட்டால், இரு அரசாங்கங்களின் 15 விழுக்காட்டு நட்டமும் அங்குள்ள மக்களின் வரிப்பணத்திலிருந்துதான் போகும்.