நோக்கியாவா? ஆண்ட்ராய்டா? ஐபோனா? - ஒரு செல்போன் சண்டையின் வரலாறு

சேத்தியாத்தோப்பு கடைத்தெருவில் செல்போன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்து கேட்பது கம்பெனி. சாம்சங்கா, விவோவா, ரெட்மியா, இல்லை தவணையில் ஐபோனே வாங்கிவிடலாமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த போனுக்குள் ஓடும் இயங்குதளம் இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் கடந்த இருபது வருடக் கதையைப் புரட்டிப் பார்த்தால், பெரிய பெரிய கம்பெனிகளைக் கவிழ்த்தது அந்த இயங்குதளம்தான். அந்தச் சண்டையில் பின்லாந்து கம்பெனி ஒன்று தோற்றபோது, ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கான பேர் வேலை இழந்தார்கள். அந்தக் கதைதான் இது.

நோக்கியா என்றால் செல்போன்

2003-ல் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத கீபேட், கையில் வழுக்காத பிடி, தலையில் ஒரு குட்டி டார்ச். ராத்திரி மோட்டார் கொட்டகைக்குப் போகிற விவசாயிக்கும், கரண்ட் கட் ஆனால் மெழுகுவர்த்தி தேடுகிற வீட்டுக்கும் அந்த டார்ச் ஒன்றே போதும். உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்ற போன் அது! கொஞ்சம் காசு உள்ளவர்கள் 6600, என்70, என்73 என்று போனார்கள். இவற்றில் ஓடிய இயங்குதளம் சிம்பியன். 2007-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு மேல் சிம்பியன்தான்.

2005-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டு, 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே தயாரானவற்றில் பெரும்பாலானவை சாதாரண போன்கள். உச்சத்தில் இருந்தபோது நேரடி ஊழியர்களே சுமார் 8,000 பேர். பல மாவட்டங்களிலிருந்து படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள், அதிலும் பெரும்பாலோர் இளம்பெண்கள். உதிரி பாகங்கள் செய்த ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற கம்பெனிகளும் அதே வளாகத்தில் கடை விரித்தன.

இரண்டு புதிய எதிரிகள்

2007 ஜனவரியில் ஆப்பிள் ஐபோனை அறிமுகம் செய்தது. இந்தியாவுக்கு அது வந்தது 2008 ஆகஸ்டில், ஏர்டெல், வோடபோன் மூலமாக. 8 ஜிபி போனின் விலை 31,000 ரூபாய். அதே போன் அமெரிக்காவில் 199 டாலர்! ஏன் இந்த வித்தியாசம்? அங்கே இரண்டு வருட ஒப்பந்தம் போட வேண்டும். போன் விலையின் பெரும்பகுதியை நெட்வொர்க் கம்பெனி ஏற்றுக்கொண்டு, மாத பில்லில் வசூல் செய்துகொள்ளும். இங்கே பெரும்பாலோர் ப்ரீபெய்டு. பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறவரிடம் எந்த ஒப்பந்தம் போடுவது? அதனால் ஐபோன் ஷோரூம் கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆண்ட்ராய்டின் வழி வேறு. 2008-ல் அமெரிக்காவில் முதல் போன் வந்தது. கூகுள் அந்த இயங்குதளத்தைக் காசு வாங்காமல் கொடுத்தது. வருமானம் தேடலிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வரும். சொந்தமாக மென்பொருள் எழுதத் தெரியாத கம்பெனியும் ஸ்மார்ட்போன் செய்யலாம் என்ற நிலை வந்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா எல்லாம் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தன. நோக்கியா கோட்டைவிட்ட இன்னொரு விஷயம் இரட்டை சிம். சலுகைக்கு ஒன்று, இன்கமிங்குக்கு ஒன்று என்று ஜனங்கள் இரண்டு சிம் வைத்திருந்த காலத்தில், நோக்கியாவின் இரட்டை சிம் போன்கள் இந்தியாவில் பரவலாகக் கிடைத்தது 2011-ல்தான்.

தமிழ் தெரியாத போன்கள்

இயங்குதளம் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழே நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து அனுப்பலாம். தமிழில் 70 குறியீடுகள்தான். கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகக் கணக்கில் வரும். அதனால்தான் "சாப்டாச்சா" என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கும் பழக்கம் வந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005-ல் செல்லினம் மூலம் கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தார். ஆரம்ப கால ஆண்ட்ராய்டில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியில் ஒரு மறைவான செட்டிங்கை மாற்றி, எழுத்துக்களைப் படமாக வரவழைத்துப் படித்தார்கள். ஐபோனில் ஆப்பிளே தமிழ் விசைப்பலகை கொடுத்தது 2013-ல், ஐஓஎஸ் 7-ல். போன் எவ்வளவு விலை என்றாலும், உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாவிட்டால் படிக்க முடியாது!

நோக்கியா எடுத்த முடிவு

2011 பிப்ரவரியில் நோக்கியா தலைவர் ஸ்டீபன் எலாப், கம்பெனி தீப்பிடித்த மேடையில் நிற்கிறது என்ற பொருளில் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த சில நாட்களில், இனி ஸ்மார்ட்போனுக்கு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார். ஆண்ட்ராய்டுக்குப் போனால் சாம்சங் நிழலில் காணாமல் போய்விடுவோம் என்ற பயம். பயத்தில் நியாயம் இருந்தது; முடிவு பலிக்கவில்லை. விண்டோஸ் போன் வாங்குவோர் குறைவு என்பதால் ஆப் எழுதுவோர் வரவில்லை. ஆப் இல்லை என்பதால் வாங்குவோர் வரவில்லை. சிம்பியனோ, கைவிடப்பட்டது என்று தெரிந்த நாளிலிருந்து மதிப்பிழந்தது. 2014 தொடக்கத்தில் நோக்கியா எக்ஸ் என்று ஆண்ட்ராய்டு வழியில் ஒரு போன் விட்டார்கள். ரொம்பத் தாமதம்.

2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கு வேறு ஒரு சிக்கல். போன்களில் ஏற்றும் மென்பொருளுக்காக பின்லாந்து தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணம் ராயல்டி, அதற்கு டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. 2013-ல் கேட்ட தொகை சுமார் 2,000 கோடி ரூபாய். நோக்கியா மறுத்தது. வழக்கு நடக்கும்போது சொத்துக்கள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் போன் பிரிவை எடுத்துக்கொண்டபோது இந்த ஆலை வெளியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. வரிச் சண்டை 2018-ல் இரு நாட்டுப் பேச்சுவார்த்தையில் முடிந்தபோது, வேலை இழந்தவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

வரி ஒரு காரணம், விற்பனைச் சரிவு ஒரு காரணம். இயங்குதளப் போட்டியில் ஜெயித்த கம்பெனியாக இருந்திருந்தால், அந்த ஆலையை அவ்வளவு எளிதில் விட்டுவிட்டுப் போயிருப்பார்களா என்பதுதான் கேள்வி.

வாங்கியவர்கள் கதி

போன் உடையவில்லை, பேட்டரியும் நன்றாக இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப் ஓடாது! சிம்பியனிலும் பழைய பிளாக்பெர்ரியிலும் 2017-ல் வாட்ஸ்அப் நின்றது. விண்டோஸ் போனில் 2019 டிசம்பர் 31-ல் நின்றது. குறைந்த விலையில் வேறு வழி காட்ட வந்தவையும் உண்டு. 2014-ல் இன்டெக்ஸ் 1,999 ரூபாய்க்கு ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தில் போன் விட்டது. 2015-ல் சாம்சங் 5,700 ரூபாய்க்கு டைசன் போன் விட்டது. இரண்டும் நிலைக்கவில்லை. ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தின் வாரிசான காய் ஓஎஸ், 2017-ல் ஜியோபோன் வழியாகத் திரும்பி வந்தது.

இன்று இந்தியாவில் பத்தில் ஒன்பது ஸ்மார்ட்போனுக்கு மேல் ஆண்ட்ராய்டு. மீதியில் பெரும்பகுதி ஐபோன். சண்டை முடிந்ததால் ஜெயித்தவர் கை ஓங்கியது. ஆண்ட்ராய்டு சந்தையில் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023-ல் சென்னை ஐஐடி வளர்த்த ஒரு நிறுவனம் பாரோஎஸ் என்ற இயங்குதளத்தைக் காட்டியது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் கட்டியதுதான்.

மூடிக் கிடந்த நோக்கியா ஆலையை வாங்கப்போவதாக 2019 நவம்பரில் அறிவித்தது யார் தெரியுமா? அதே வளாகத்தில் நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்துகொடுத்த சால்காம்ப். இப்போது அது ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்கிறது. ஃபாக்ஸ்கான் அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஐபோன் தயாரிக்கிறது. அன்று விலை கேட்டுவிட்டுத் திரும்பிப்போன போன், இன்று உள்ளூர்க் கைகளால் உருவாகி அமெரிக்காவுக்குப் போகிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த போன் வாங்கச் சிதம்பரமோ கடலூரோ போகும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும்? பேங்க் ஆப்பும் வாட்ஸ்அப்பும் எத்தனை வருடம் ஓடும்? நாளைக்கு வேறு போனுக்கு மாறினால் போட்டோவும் நம்பர்களும் கூடவே வருமா? வணிகவியலில் இந்த மூன்றாவதை மாறுவதற்கான செலவு என்பார்கள். அது எந்த பில்லிலும் இருக்காது. ஆனால் சிம்பியனும் விண்டோஸ் போனும் வாங்கியவர்கள் அதைக் கட்டியே தீர வேண்டியிருந்தது.