உடன்பிறந்தவனின் தோல்

இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கண்ணப்ப நாயனார் புராணம் நடத்திக்கொண்டிருந்தோம். இறைவனின் கண்ணில் குருதி வழிகிறது. பச்சிலை பிழிந்தும் நிற்கவில்லை. தசைக்குத் தசையே மருந்து என்று கேட்டிருந்தது திண்ணனாருக்கு நினைவுவருகிறது. தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்புகிறார். சேக்கிழார் அந்த இடத்தைக் கடக்கும் வேகத்தில் வகுப்பு வழக்கமாக வாயடைத்துப்போகும். அன்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். முத்துக்குளித்துறைக் கரையைச் சேர்ந்தவன். அவன் தாத்தா சங்கு குளித்தவர். "ஐயா, ஒருத்தர் சதை இன்னொருத்தருக்கு ஒட்டுமா?" என்றான்.

இது அன்பின் எல்லையைச் சொல்லும் கதை, மருத்துவ நூல் அன்று என்று ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டோம். அதற்குமேல் நமக்கு விடை தெரியவில்லை என்பதே உண்மை. தமிழிலக்கியம் படித்தவர்களுக்கு இப்படி நழுவுவது எளிது. ஆனால் கேள்வி பலநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

கேட்டவனின் ஊர்க்கடலிலேயே ஒரு விடை கிடந்தது. கொற்கைக் காலம்தொட்டுப் பேர்பெற்ற இக்கரையின் முத்துச் சலாபம் 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை. பார்களில் சிப்பி அற்றுப்போயிற்று. அதன்பின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், அழகர்சாமி என்னும் அறிவியலாளரின் முயற்சியால் 1973-இல் இந்தியாவின் முதல் வளர்ப்பு உருள்முத்தை எடுத்தார்கள். மணல் துகள் சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று பள்ளியில் படித்தோமே, இங்கே நடப்பது அதுவன்று. ஒரு சிப்பியைக் கொன்று, ஓட்டைச் சுரக்கும் அதன் மெல்லிய சவ்விலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு நறுக்குகிறார்கள். மயக்கமூட்டிய வேறொரு சிப்பியின் உடலைக் கீறி, சிறு மணி ஒன்றோடு அந்தத் துண்டையும் உள்ளே வைக்கிறார்கள். அந்நியச் சிப்பியின் சதை அங்கே உயிரோடு பற்றி, மணியைச் சூழ்ந்து பை போல் வளர்ந்து, முத்தொளியைச் சுரக்கிறது. கழுத்தில் அணியும் வளர்ப்பு முத்து, செத்த சிப்பி ஒன்றின் ஒட்டுச்சதை செய்த வேலை.

எல்லாச் சிப்பியும் இதற்கு இசைவதில்லை. மணியைத் துப்பிவிடுபவையும் மடிந்துபோகின்றவையும் ஏராளம். ஆயினும் சிப்பி இந்த அளவுக்கேனும் இடங்கொடுக்கிறது. மனித உடல் இடங்கொடுப்பதில்லை. சுசுருதர் மூக்கு அமைக்கச் சொன்னதும் அந்த ஆளின் கன்னத்துத் தோலைக் கொண்டுதான். பிறர் தோல் ஏன் ஒட்டவில்லை என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர் பீட்டர் மெடவார். அவரைத் தேடிப் படித்தபோது, உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் தந்தை என்று ஒற்றை வரியில் புகழப்படும் வாழ்க்கையில் வேறொரு கதை ஒளிந்திருப்பதைக் கண்டோம்.

மெடவார் மருத்துவர் அல்லர், விலங்கியலாளர். 1915-இல் ரியோ டி ஜெனிரோவில், லெபனான்காரத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். 1940-இல் ஆக்ஸ்போர்டில் இருந்தார். வயது இருபத்தைந்து. அவர் குடியிருந்த வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து எரிந்தது. கடுமையாக வெந்துபோன வீரர் ஒருவர் அங்கிருந்த ராட்கிளிஃப் மருத்துவமனையில் கிடந்தார். ஏதேனும் வழி உண்டா என்று மருத்துவர்கள் மெடவாரிடம் கேட்டார்கள்.

முன்காலத்தில் அப்படி வெந்தவர்கள் சில நாட்களில் இறந்துவிடுவார்கள். யாருக்கும் கேள்வி எழாது. குருதி ஏற்றலும் சல்ஃபா மருந்துகளும் வந்தபின் அவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள், தோலில்லாமல். தோல் போனால் உடலின் நீர் வடியும், கிருமி நுழையும். ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானே முளைக்காது. தொடையிலிருந்து மெல்லிய ஏடாகச் சீவி ஒட்டலாம். உடம்பில் பாதிக்குமேல் வெந்தவனிடம் சீவ எங்கே இடமிருக்கிறது?

மெடவாரின் முதல் முயற்சி, இருக்கும் கொஞ்சம் தோலைப் பெருக்குவது. டிரிப்சின் என்னும் செரிமானப் பொருளைக் கொண்டு மேல்தோலை மட்டும் தனித் தாளாகப் பிரித்தெடுக்கும் முறையை 1941-இல் வெளியிட்டார். அதை வளர்த்துப் புண்ணை மூடலாம் என்ற நினைப்பு அப்போது கைகூடவில்லை. இந்த 1941-ஐ வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கிளாஸ்கோ சென்றார். அங்கே ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் தாமஸ் கிப்சன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். வலிப்பு வந்து எரிவாயுக் கணப்பின்மேல் விழுந்து வெந்த ஓர் இளம்பெண்ணுக்கு, அவளுடைய தோலிலிருந்தும் உடன்பிறந்தவனின் தோலிலிருந்தும் சிறு துண்டுகள் எடுத்து ஒட்டினார்கள். முதலில் இரண்டும் பற்றின. சில நாட்களில் சகோதரன் தோல் மட்டும் சிதையத் தொடங்கியது. அதுவரை பலரும் இதை அறுவையின் குறையென்றோ சீழின் வேலையென்றோ எண்ணியிருந்தார்கள். இருவரும் இன்னொன்று செய்தார்கள்: அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறையும் ஒட்டினார்கள். அது முன்னதைவிட விரைவாக அழிந்தது. அப்படியானால் உடல் முதல் முறையிலேயே அந்தத் தோலை அடையாளம் கண்டு நினைவில் வைத்திருக்கிறது. அம்மைக் கிருமியை விரட்டும் அதே காவல்தான் உடன்பிறந்தவனின் தோலையும் விரட்டுகிறது. 1943-இல் வந்த அந்தக் கட்டுரையிலிருந்தே நவீன மாற்றுத்திசு நோயெதிர்ப்பியலைக் கணக்கிடுகிறார்கள். அண்ணன் தங்கை பாசத்தைப் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்தும் நமக்கு, தங்கையின் குருதி அண்ணனை அறியாதது மட்டுமல்ல, அறிந்தே விரட்டுகிறது என்ற செய்தி சற்று அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

பிறகு ஆக்ஸ்போர்டில் முயல்களை வைத்து அதை ஐயமற நிறுவினார். பின்னர் ஒரு மாட்டுத்தொழுவம் கதையைத் திருப்பியது. 1948-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஹியூ டொனால்ட் என்பவர், இரட்டைக் கன்றுகளில் ஒருகருவினவற்றையும் இருகருவினவற்றையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டார். ஒன்றன் தோலை மற்றதற்கு ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும் என்று மெடவார் துணிவாகச் சொல்லிவிட்டார். ஒட்டிப் பார்த்தபோது இருகருக் கன்றுகளும் ஒன்றன் தோலை ஒன்று ஏற்றுக்கொண்டன. காரணம் அமெரிக்காவில் ரே ஓவன் 1945-இலேயே எழுதியிருந்ததில் இருந்தது: இரட்டைக் கன்றுகள் கருப்பையில் குருதியைப் பகிர்ந்துகொள்கின்றன. பிறக்குமுன் பழகியதை உடல் பிறனென்று கொள்வதில்லை.

அதைச் செயற்கையாக நிகழ்த்த முடியுமா? பில்லிங்காம், பிரென்ட் ஆகிய இருவருடன் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த மெடவார், பிறவாத சுண்டெலிக் குஞ்சுகளுக்கு வேற்றினச் சுண்டெலியின் உயிரணுக்களைச் செலுத்தினார். வளர்ந்தபின் அவை அந்த இனத்தின் தோலை ஏற்றன. 1953-இல் இது வெளியானது. 1960-இல் ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட்டுடன் நோபெல் பரிசு. பரிசுப் பணத்தில் பில்லிங்காமுக்கும் பிரென்டுக்கும் பங்கு கொடுத்தார். ஓவனுக்கும் இதில் இடம் இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கே கடிதம் எழுதினார். பரிசு பெற்றவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அல்ல.

சுண்டெலிச் சோதனை எந்த நோயாளிக்கும் நேரடியாகப் பயன்படவில்லை. விபத்தில் வேகப்போகிறவனுக்குத் தாய் வயிற்றிலேயே ஊசி போட்டுவைக்க முடியுமா? ஆனால் சுவர் உடையக்கூடியது என்று காட்டியதே போதுமாயிருந்தது. பாஸ்டனில் 1954-இல் ஜோசப் மர்ரி ஒருகரு இரட்டையரிடையே சிறுநீரகம் மாற்றியிருந்தார். எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்தபின் இரட்டையராக இருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றிபெற்றது. ஈரலும் இதயமும் தொடர்ந்தன.

எங்கிருந்து தொடங்கினாரோ அந்தத் தீக்காயக்காரருக்கு மட்டும் இந்த வழி திறக்கவில்லை. எதிர்ப்பை அடக்கினால் பிறர் தோல் நிற்கும். தோலற்ற உடம்பில் கிருமி அதற்குமுன் உயிரை வாங்கிவிடும். 2012-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பான இந்தக் கரிசல் வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஆட்கள் வேகிறார்கள். இறந்தவர்கள் கொடையளித்த தோலை அத்தகையோருக்குப் போர்த்துவது உண்டு. சில வாரங்களில் உடல் அதைத் தள்ளிவிடும் என்று தெரிந்தே போர்த்துகிறார்கள். அந்தச் சில வாரங்களில் உயிர் நிலைத்து, சொந்தத் தோலைச் சீவிய இடம் ஆறி, மறுபடி சீவ முடிகிறது. நிரந்தரமாக ஒட்டுவது இன்றும் அவரவர் தோலே.

1975-இல் அமெரிக்காவில் ரைன்வால்டு, கிரீன் என்னும் இருவர் மனித மேல்தோல் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் பெருக்கும் முறையைக் கண்டார்கள். 1981-இல் நோயாளியின் சொந்தத் தோலையே அப்படித் தாளாக வளர்த்துத் தீக்காயத்தின்மேல் போர்த்தினார்கள். 1941-இல் மெடவார் கைவிட்ட பாதை அதுதான். அப்போது அவர் 1969-இல் வந்த பக்கவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்து, மனைவி ஜீனின் துணையோடு புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1987-இல் மறைந்தார்.

இவ்வளவும் படித்தபின் அந்த மாணவனைக் கூப்பிட்டுச் சொன்னோம்: ஒட்டாது, விதிவிலக்கு உண்டு. கருவிழியில் குருதிக்குழாய் இல்லை. உடலின் காவல் அங்கே எளிதில் எட்டுவதில்லை. எட்வர்ட் ஸிர்ம் 1905-லேயே ஒருவர் கருவிழியை இன்னொருவருக்கு வெற்றியுடன் பொருத்தியிருக்கிறார். கண்ணின் முன்னறையில் வைத்த அந்நியத் தோல் எப்படி நடத்தப்படுகிறது என்று மெடவாரே 1948-இல் ஆராய்ந்திருக்கிறார். முழுக்கண்ணை மாற்றிப் பார்வை தர இன்னும் வழியில்லை என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

கொஞ்சநேரம் யோசித்தான். "அப்போ திண்ணனார் சரியான இடமாப் பார்த்துத்தான் தோண்டியிருக்கார், ஐயா" என்றான்.