வேல்ஸ் நாட்டின் தேசிய உணர்ச்சி

வேல்ஸ் மக்கள் தம் அரசை இழந்தது 1282ஆம் ஆண்டில். அவ்வாண்டு லுவெலின் என்னும் இளவரசன் போரில் வீழ்ந்தான். நாடு ஆங்கில மன்னன் முதலாம் எட்வர்டின் கைப்பட்டது. 1400இல் ஓவைன் கிளிண்டூர் தொடங்கிய கிளர்ச்சியும் பல்லாண்டு நீடித்துத் தோற்றது. அதன் பின்னர் அம்மக்களைத் தனியினமாகக் காத்து நின்றது பெரும்பாலும் அவர்தம் மொழியே எனலாம்.

அம்மொழிக்கு 1536ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றக் கதவை அடைத்தது. அரச பதவியையும் மறுத்தது. ஆயினும் எலிசபெத் அரசியின் பாராளுமன்றமே விவிலியத்தை வேல்ஸ் மொழியிற் பெயர்க்கப் பணித்தது. வில்லியம் மோர்கன் செய்த மொழிபெயர்ப்பு 1588இல் வெளிவந்தது. சமயத்தின் பொருட்டுச் செய்த ஏற்பாடு மொழிக்கு அரணாயிற்று. சட்டஞ் செய்தோர் இதனை எதிர்பார்த்திருப்பரோ?

1847இல் பாடசாலைகளை ஆராய வந்த, அம்மொழி அறியாத ஆணையாளர் மூவர், அதனை முன்னேற்றத்துக்குத் தடையென எழுதினர். மக்களின் ஒழுக்கத்தையும் பழித்தனர். அப்பழி ஆறாத புண்ணாயிற்று.

1925இல் தேசியக் கட்சி தோன்றியது. அதன் தலைவர் சோண்டர்ஸ் லூயிஸ், 1936இல் இரு நண்பருடன் விமானப்படைப் பயிற்சித்தளம் ஒன்றின் கட்டடங்களுக்குத் தீயிட்டுத் தாமே பொலிசாரிடஞ் சென்று அறிவித்தார். கார்நார்வன் நகரத்து யூரிமார் ஒருமுடிவுக்கு வரவில்லை. வழக்கு இலண்டனுக்கு மாற்றப்பட்டது. மூவருக்கும் 9 மாதச் சிறை கிடைத்தது.

பின்னர் லிவர்ப்பூல் நகரம் தன் தண்ணீர்த் தேவைக்காகத் திரிவெரின் பள்ளத்தாக்கைக் கேட்டது. 1957இல் பாராளுமன்றம் இசைந்தது. வேல்ஸ் உறுப்பினருள் ஒருவரேனும் ஆதரித்து வாக்களிக்கவில்லை, இருந்தும் பயனென்ன? 1965இல் கப்பெல் கெலின் என்னுஞ் சிற்றூர், தேவாலயமும் பாடசாலையும் தபாற்கந்தோரும் உட்பட, நீருள் மறைந்தது. எத்தனையோ மேடைப்பேச்சுக்கள் ஊட்டாத உணர்ச்சியை அந்நீர்த்தேக்கம் ஊட்டிற்று.

இதற்கிடையில், 1962 பெப்ரவரியில் முதியவராகிய லூயிஸ் வானொலியில் ஒரு பேச்சு நிகழ்த்தினார். போக்கு மாறாவிடின் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் மொழி உயிருள்ள மொழியாக இராது என்றார். அவர் எண்ணியது கட்சியை அசைக்க, அசைந்தவரோ இளைஞர். அவ்வாண்டே மொழிச் சங்கம் பிறந்தது. ஆங்கில வீதிப் பலகைகளுக்கு மை பூசிச் சிறை சென்றோர் பலர்.

1979இல் தனிப் பேரவை வேண்டாமென மக்களே பெருவாரியாக வாக்களித்தனர். 1997இல் 6,721 வாக்கு வித்தியாசத்தில் வேண்டுமென்றனர். 1999இல் பேரவை கூடிற்று. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸ் மொழி பேசுவோர் ஏறத்தாழ 538,000 பேர். லூயிஸ் குறித்த கெடு அப்போது கடந்திருந்தது.