வீட்டுக்கு வந்த மரம் அறுக்கும் மெஷின்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், பெட்ரோல்ல ஓடுற மரம் அறுக்கிற மெஷின் ஆன்லைன்ல 6,000 ரூபாய்க்கு வருது. கம்பெனி மெஷின் 25,000-க்கு மேல சொல்றாங்க. ரெண்டும் மரத்தைத்தானே அறுக்குது, ஏன் சார் இந்த வித்தியாசம்?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கென்னவோ இது வரலாற்று வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பொருள் மலிவானதென்றால் அதிலிருந்து எதை எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சங்கிலி ரம்பம் முதலில் அறுத்தது மரத்தையல்ல, எலும்பை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எயிட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் சிறு பற்கள் வைத்த சங்கிலியை இரு கைப்பிடிகளில் கட்டி எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1830இல் ஜெர்மனியில் பெர்னார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுற்றினால் தகட்டின் விளிம்பில் சங்கிலி ஓடும் கருவியைச் செய்தார். இன்றைய மெஷினின் உருவம் அதிலேயே தெரியும். அதற்கு மேல் இந்தக் கதை நமக்கு வேண்டாம்.

மரத்துக்கு வந்தது நூறு வருடம் கழித்து. 1926இல் ஸ்டுட்கார்ட்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்தார். எடை 64 கிலோ, அதாவது நம் பக்கத்து ஒரு மூட்டை நெல். ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். காட்டுக்குள் மின்சாரத்துக்கு எங்கே போவது? 1927இல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடுவதைச் செய்து துரிங்கியாவில் டோல்மார் என்ற மலையில் ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே பிறகு அவர் கம்பெனியின் பெயராயிற்று. 1929இல் ஸ்டீலும் பெட்ரோலுக்கு மாறினார். அதன் எடை 46 கிலோ. இவையெல்லாம் மரம் வெட்டும் கம்பெனிகள் வாங்கிய சாமான்கள். சம்சாரி வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளல்ல.

வீட்டுக்கு வருவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதல் தடை கார்புரேட்டர். டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்குத் தெரியும், வண்டி சாய்ந்து விழுந்தால் பெட்ரோல் வழியும். மிதவை வைத்த கார்புரேட்டர் நிமிர்ந்து இருந்தால்தான் வேலை செய்யும். மரம் வெட்டுகிறவனோ ரம்பத்தை ஒரு நேரம் நிமிர்த்திப் பிடிப்பான், ஒரு நேரம் படுக்க வைப்பான். ஆகவே எஞ்சினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ரம்பத் தகட்டை மட்டும் திருப்புகிற ஏற்பாடெல்லாம் செய்து பார்த்தார்கள். பிறகு மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்தது. தலைகீழாகப் பிடித்தாலும் ஓடியது. எடையும் இறங்கியது. அமெரிக்காவில் மெக்கல்லக் கம்பெனி 1949இல் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேல், ஒருவரே தூக்கி அறுக்கும் மெஷினை விற்றது. அடுத்த வருடம் ஸ்டீலும் ஒருவர் பிடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தது. அது 16 கிலோ. அந்தச் சவ்வை மறந்துவிடாதீர்கள். பின்னால் மறுபடியும் வரும்.

இரண்டாவது தடை பல். பழைய சங்கிலியின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைச் சுரண்டின. சீக்கிரம் மழுங்கும், தீட்டுவதற்குப் பழகிய ஆள் வேண்டும். இதைத் தீர்த்தது ஒரு புழு. ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி 1946இல் விறகு பிளக்கும்போது கட்டைக்குள் ஒரு வண்டின் புழுவைப் பார்த்தார். விரல் தடிமன் இருக்கும் அந்தப் புழு, நார் ஓடும் திசை, குறுக்குத் திசை என்று பார்க்காமல் எந்தப் பக்கமும் மரத்தைத் தின்றுகொண்டே போனது. அதன் தாடை ஆங்கில 'சி' எழுத்து போல இடமும் வலமும் வளைந்திருந்தது. அதே வடிவில் இரும்பில் பல் செய்தார். ஒரு பல் இடப்பக்கம் சீவும், அடுத்தது வலப்பக்கம் சீவும். 1947இல் போர்ட்லாந்தில் தன் வீட்டு நிலவறையில் வைத்தே விற்பனைக்குச் செய்ய ஆரம்பித்தார். இன்று உலகத்தில் எந்த மெஷினை எடுத்தாலும் அதில் ஓடுவது அந்தப் புழுவின் தாடைதான். உருண்டை அரம் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாரும் தீட்டிக்கொள்ளலாம். என் கணக்கில் வீட்டுக்காரர் கைக்கு இந்த மெஷின் வந்ததற்கு எஞ்சினைவிட இந்தப் பல்தான் பெரிய காரணம்.

1963இல் ஹோம்லைட் கம்பெனி தகடும் செயினும் சேர்க்காமல் 12 பவுண்டு எடையில் ஒரு மெஷினை விற்றது. எடை குறைந்ததும் கடை மாறியது. விவசாயக் கருவி விற்கும் கடையிலிருந்து துணியும் சட்டியும் விற்கும் பெரிய கடைகளுக்கு மெஷின் வந்தது. இருந்தாலும் அதை வாங்க ஒரு காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தை அரபு நாடுகள் கொடுத்தன. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை. பத்தாம் வகுப்பில் இதை நடத்தியிருக்கிறேன், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பீப்பாய் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதே எண்ணெயில்தான். எண்ணெய்ச் செலவு தாங்காமல் ஜனங்கள் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். விறகு வேண்டுமென்றால் மரம் அறுக்க வேண்டும். அதுவரை கோடாரிகூடப் பிடிக்காத குமாஸ்தாவும் கடைக்காரரும், சொல்லப்போனால் வாத்தியாரும், மெஷின் வாங்கினார்கள்.

அவர்களுக்காகவே சின்ன மெஷின்கள் வந்தன. மெக்கல்லக்கின் மினி மேக் அவற்றில் பிரபலம். விலையைக் குறைக்க என்ன செய்தார்கள் என்பதுதான் நம் தம்பியின் கேள்விக்கு விடை. காட்டில் வேலை செய்கிறவனுடைய மெஷினில் செயினுக்கு எண்ணெய் தானாக வரும். பல சின்ன மெஷின்களில் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் செயின் காய்ந்து தகடு தேயும். கிராங்க் தண்டை இரண்டு பக்கமும் தாங்காமல் ஒரு பக்க பேரிங்கோடு விட்ட மாதிரிகளும் உண்டு. எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர், அதிர்வைத் தாங்குவது, அது கிடையாது. செயின் பிரேக் கிடையாது.

இந்த இரண்டு 'கிடையாது'க்களும் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். அதிர்வால் விரல்கள் மரத்து வெளுத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கல் கொத்தும் தொழிலாளரிடம் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1918இலேயே அதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். மரம் வெட்டும் தொழிலாளருக்கும் அது வந்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. 1960களில் ரப்பர் தாங்கல் வைத்த மெஷின்கள் வந்தன. 1973இல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்ணா, மெஷின் எகிறினால் தானாகச் செயினை நிறுத்தும் பிரேக்கைக் கொண்டுவந்தது. ஆக, வடகிழக்கு அமெரிக்காவில் குமாஸ்தா பிரேக் இல்லாத மெஷினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போன அதே வருடங்களில், பிரேக் உள்ள மெஷின் உலகத்தில் இருந்தது. பழகியவன் கையில் பாதுகாப்பான மெஷின், பழகாதவன் கையில் மொட்டை மெஷின்! இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

எகிறுவது என்றால் என்ன? தகட்டின் மூக்கின் மேல் பாதி ஏதாவது கட்டையில் பட்டால், நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் அங்கே கடித்துக்கொள்ளும். செயின் முன்னேற முடியாததால் மெஷின் பின்னேறும், அதாவது தகடு மேலே எழும்பிப் பிடித்திருப்பவர் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். நியூட்டனின் மூன்றாம் விதிதான், வேறொன்றுமில்லை. கையை எடுக்க நேரம் இருக்காது. காயங்கள் பெருகியபோது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது. சட்டம் வருமோ என்ற பயத்தில் கம்பெனிகள் தாங்களே ஒரு தரத்தை ஒப்புக்கொண்டன. 1985இல் அது வந்தது. எகிறல் குறைந்த செயின், சின்ன மூக்குள்ள தகடு, பிரேக் எல்லாம் வீட்டு மெஷினுக்கும் வந்தன. எண்ணெய்த் தடைக்குப் பிறகு 12 வருடம்.

அதற்குள் விறகு மோகம் தணிந்துவிட்டது. எண்ணெய் விலை இறங்கியதும் வாங்கிய மெஷின்கள் கொட்டகையில் தொங்கின. கம்பெனிகளும் கைமாறின. ஹஸ்க்வர்ணாவை எலக்ட்ரோலக்ஸ் வாங்கியது, ஹோம்லைட் ஜான் டியரிடம் போய்ப் பிறகு ஹாங்காங் கம்பெனியிடம் போனது, மெக்கல்லக் 1999இல் திவாலானது. ஜப்பானின் செனோவா மெஷினைப் பார்த்துச் சீனாவில் 45, 52, 58 சிசி என்று ஒரே அச்சில் மெஷின்கள் வர ஆரம்பித்தன. நம் தம்பி பார்த்த 6,000 ரூபாய் மெஷின் அந்தக் குடும்பம்தான். ஒரே தொழிற்சாலைச் சாமான் பத்துப் பெயரில், பத்து வண்ணத்தில் வருகிறது. பெட்டியில் எழுதிய சிசி உள்ளே இருப்பதில்லை என்பது பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகள் சொல்வது.

நம் பக்கத்துக்கு இது பெருவாரியாக வந்ததும் ஒரு நெருக்கடியில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னை பாய் விரித்தாற்போல் கிடந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அரசு நிவாரணம் தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 600 மரத்துக்கு, 500 வெட்டி அப்புறப்படுத்த. வெட்டுகிற ஆளுக்குக் கிராக்கி வந்த நேரத்தில் நூறு மரம் விழுந்தவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு மலிவு மெஷினின் விலை பத்துப் பதினைந்து மரத்தின் வெட்டுக்கூலி. வாங்காமல் என்ன செய்வான்? அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிய வீடுகள் எனக்குத் தெரியும். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோப்பைச் சுத்தம் செய்தால்தான் மறுகன்று வைக்க முடியும்.

ஆனால் அமெரிக்கக் குமாஸ்தாவுக்கு நடந்ததெல்லாம் இங்கும் நடந்தது. தென்னையின் வெளிக்கட்டை கடினம், செயினைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். விழுந்த மரத்தில் மணல் வேறு ஒட்டியிருக்கும். அரை நாளில் செயின் அறுக்காமல் தேய்க்கும், மெல்லிய சீவலுக்குப் பதில் மாவு போலத் தூள் வரும். தீட்டத் தெரியாதவர்கள் மெஷினை அழுத்தினார்கள், எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் கடித்தது. டூ-டி ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஒரே நாளில் முடித்தவர்களும் உண்டு. இந்த மெஷின்கள் பலவற்றுக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலக்க வேண்டும் என்று ஆங்கிலக் காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், வேரோடு சாய்ந்த மரம். நடுவில் அறுத்ததும் பாரம் விட்டு, வேர்ப்பந்து பழையபடி குழிக்குள் நிமிரும். அடிமரம் ஆளைத் தூக்கி அடிக்கும். எங்கள் உறவில் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தது இப்படித்தான். அவர் கையில் இருந்தது விலை உயர்ந்த மெஷின். இந்த ஆபத்துக்கு 6,000-மும் 25,000-மும் ஒன்றுதான்.

மலிவு மெஷின் வாங்கி நன்றாக வைத்திருப்பவர்களையும் சொல்ல வேண்டும். அவர்கள் செய்வது ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறது. பெட்டியோடு வந்த செயினைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல செயின் தனியாக வாங்குகிறார்கள். முதல் வாரம் அதிர்வில் கழன்ற திருகுகளைத் தினமும் முடுக்குகிறார்கள். பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப் பார்க்கிறார்கள். கார்புரேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் கெட்டால் மாற்றிவிடுகிறார்கள். தினமும் கூலிக்கு அறுக்கிறவர் யாரும் இதை வைத்திருக்கவில்லை. வருடத்தில் பத்து நாள் தேவைப்படுகிறவருக்கு இது ஓடுகிறது.

அந்தச் சவ்வுக்கு வருகிறேன். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், நூற்றுக்கு இருபது பங்கு வரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரைக் கெடுக்கும். டேங்கில் பெட்ரோலோடு ஆறு மாதம் தொங்கிய மெஷினில் குழாய் பிசுபிசுத்து, சவ்வு விறைத்துப்போகும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு வியாதி இதுதான். கஜாவுக்கு வாங்கிய மெஷின்களில் எங்கள் தெருவில் இன்றும் இரண்டாவது இழுப்பில் கிளம்புவது ஒன்றே ஒன்று. அதை வைத்திருப்பவர் வேலை முடிந்ததும் மிச்சப் பெட்ரோலை வண்டியில் ஊற்றிவிட்டு, மெஷினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார்.