நாடி தாளம் தப்புகிறதா? ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ பக்கவாதம் வரை கொண்டுபோவது ஏன்?

ஆடிச் சனிக்கிழமை, குச்சனூர் சனீஸ்வரர் கோயில் வரிசையில் நிற்கும்போது திடீரென நெஞ்சு படபடத்தால் என்ன சொல்வோம்? ‘வெயில்தான், ஒரு சோடா குடிச்சா சரியாப்போயிடும்.’ பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால், தானாக வந்து தானாக நின்றாலும் விட்டுவிடக் கூடாத படபடப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

இதயத்தின் மேல் அறைகள் சீராகச் சுருங்குவதற்குப் பதிலாக, நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் வெறுமனே நடுங்குவதே இந்தப் பிரச்னை. அப்போது ரத்தம் முழுதாக வெளியேறாமல் தேங்கும். குறிப்பாக, இடது மேல் அறையில் உள்ள சிறு பை போன்ற பகுதியில் அது உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். சிலருக்குப் படபடப்பே இருக்காது. பக்கவாதம் வந்த பிறகுதான் விஷயமே தெரியவரும்.

வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தைராய்டு, மது எல்லாம் காரணமாகலாம். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டால், 30, 40 வயதிலேயே இது வரலாம்.

மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்புகளுக்கு இடையே ஒழுங்கே இல்லையென்றால் ஈசிஜி எடுக்க வேண்டும். படபடப்பு இருக்கும்போதே எடுத்தால் நல்லது, நின்ற பிறகு எடுத்தால் சிக்காமல் போகலாம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைதான் சிகிச்சையில் முக்கியம். ஆஸ்பிரின் இதற்கு மாற்று அல்ல. புதிய மாத்திரைகள் வந்துவிட்டாலும், ருமாட்டிக் பாதிப்பால் வால்வு சுருங்கியவர்களுக்கு பழைய வார்ஃபரினே சிறந்தது என்பது 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்விலும் தெரிந்தது.

வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ‘கீரையே ஆகாது’ என்று பயப்படவும் வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறு வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். குச்சனூரிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக, தேனியையும் தாண்டி க.விலக்கு வரை போகணும். அந்தப் பயண நேரமும் இந்த நாலரை மணிக்குள்தான் அடக்கம்.